டிவிக்கு ட்ரம்பெட் ஊதிய மாப்பிள்ளை

நம் பள்ளித் தோழிகள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி வந்தது. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களுக்கும் மூட்டுவலிக் கஷாயத்துக்கும் நடுவில் வந்ததால் உங்களில் பாதிப் பேர் தள்ளிவிட்டுப் போயிருப்பீர்கள். பழைய அமெரிக்கக் காமெடித் தொடர்களுக்குப் பின்னணியில் ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் ஊதியவர்களில் பலர் ஜாஸ் வாசிக்கிறவர்களாம். பகலில் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, ஒருவன் வழுக்கி விழுவதற்கு ஊதுவார்களாம். பொழுது சாய்ந்ததும் கிளப்புக்குப் போய் ஜாஸ் வாசிப்பார்களாம். "இது உங்களுக்குத் தெரியுமா?" என்று கீழே நாலு ஆச்சரியக்குறி வேறு. ஒருத்தி "அடேயப்பா" என்று போட்டாள். இன்னொருத்தி கைதட்டும் பொம்மை போட்டாள்.

எனக்கு இது ஆறாம் வகுப்பிலேயே தெரியும். தென்காசியில், எங்கள் தாத்தா வீட்டு முன்னறையில், ஒரு போலீஸ்காரர் சொல்லித் தெரியும். குழுவில் அதை அப்படியே தட்டிவிட்டேன். நீங்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

அந்தக் காலத்து டிவியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கதவு வைத்த மரப்பெட்டி, பூட்டுச் சாவி, பக்கத்தில் முனகிக்கொண்டே இருக்கும் ஸ்டெபிலைசர், அதற்கு மேல் குரோஷா விரிப்பு. அப்பா ராணுவத்தில் வடக்கே இருந்ததால் அம்மாவும் நானும் தாத்தா வீட்டில்தான் இருந்தோம். எங்கள் தெருவில் முதல் டிவி அங்கேதான் வந்தது. தாத்தாவுக்கு வயலும் தோப்பும் கொஞ்சம், வீம்பு நிறைய. பக்கத்துத் தெரு மில்காரர் இருபது அடிக் குழாயில் ஆன்டெனா நட்டார் என்று கேள்விப்பட்டு, இவர் நாற்பது அடி நட்டார்.

நாற்பது அடிக்கு நம் ஊர் நிகழ்ச்சி வந்ததா என்றால் அதுதான் இல்லை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் மங்கலாக வரும். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இலங்கை, காற்று ஒத்துழைத்தால், பளிச்சென்று வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு இலங்கையில் ஒரு பழைய இங்கிலீஷ் காமெடி போடுவார்கள். கறுப்பு வெள்ளை. தொப்பி போட்ட ஒரு வீட்டுக்காரர் வாராவாரம் எதையாவது ரிப்பேர் பார்க்கக் கிளம்புவார். குழாய், ஏணி, கதவு என்று எதைத் தொட்டாலும் அது அவர் மேலேயே விழும். அவர் பேசுகிற இங்கிலீஷ் ஒரு வார்த்தைகூட எங்களுக்குப் புரியாது. அவர் விழுந்ததும் ஒரு ட்ரம்பெட் மூக்கடைத்த குரலில் "ப்வா... ப்வா... ப்வா..." என்று இறங்கும். அது புரியும். முன்னறையில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தெரு மொத்தமும் சிரிக்கும்.

சீசன் மாதங்களில்தான் தொல்லை. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசிக்கும் அதில் பங்கு உண்டு. மலைக்காற்று நாற்பது அடிக் குழாயைத் திருப்பிவிட்டுப் போய்விடும். யாராவது மொட்டைமாடியில் நனைந்துகொண்டு குழாயைத் திருப்ப வேண்டும். அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் எங்கள் சித்தி, அம்மாவின் ஒரே தங்கை.

"வருதாட்டி?" என்று மேலிருந்து கேட்பாள்.

"படம் வருது, சத்தம் போச்சு!"

"இப்ப?"

"சத்தம் வந்துட்டு, படம் போச்சு!"

இரண்டும் சேர்ந்து வந்ததும் நாங்கள் "விடாத, விடாத, அப்படியே பிடி!" என்று கத்துவோம். சித்தி அரை மணி நேரம் குழாயைப் பிடித்துக்கொண்டு சாரலில் நிற்பாள். மாடிப்படி வழியாக மேலே போகிற சத்தம்தான் அவளுக்கு நிகழ்ச்சி. அந்தத் தொப்பிக்காரர் முகத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் கீழே இறங்கி வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொல்லுவாள்: "இன்னைக்கு ஏணியிலேருந்துதான விழுந்தான்? நேரா விழல. நடுவுல ரெண்டு படியில தட்டிட்டு விழுந்திருக்கான்."

"எப்படிச் சித்தி தெரியும்?"

"ஊதுறவன் சொல்லுதாம்லா."

சரியாக இருக்கும்.

அவள் ஏன் மேலே போய் நின்றாள் என்று சொல்ல வேண்டும். சித்தியின் சிரிப்பு சாதாரணச் சிரிப்பு அல்ல. மூக்கில் ஒரு குறட்டையாகத் தொடங்கும், படிப்படியாக மேலே ஏறும், உச்சியில் மூச்சு நின்றுபோகும், இனி முடிந்தது என்று நாம் நினைக்கும்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அவளுக்கு இருபத்தாறு வயது. அந்தச் சிரிப்பால் இரண்டு மாப்பிள்ளைகள் போய்விட்டார்கள். முதல் தடவை, மாப்பிள்ளையின் அப்பா முறுக்கைக் கடித்தபோது பல்செட்டும் முறுக்கோடு சேர்ந்து வந்தது. அதற்கு நாமும் சிரித்திருப்போம். இரண்டாம் தடவை மாப்பிள்ளை மூன்று தும்மல் போட்டுவிட்டு எதிரே இருந்த காலண்டர் முருகனிடம் "ஸாரி" என்றார். சித்தி காப்பித் தட்டோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சிரிக்கிற பிள்ளையாம்" என்று சொந்தத்துக்குள் பேர் பரவிவிட்டது. தாத்தா சட்டம் போட்டார். நாலு பேர் இருக்கிற இடத்தில் சித்தி வரக் கூடாது, வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். தெருவே கூடுகிற டிவி நேரத்தில் அவளுக்கு முன்னறை கிடையாது. அதனால் மொட்டைமாடி. மேலே அவள் சிரிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்கும். தாத்தா டிவியின் சத்தத்தைக் கூட்டுவார்.

மூன்றாவதாக வந்தது செங்கோட்டை மாப்பிள்ளை. ஆனி மாதம், சீசன் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளை போலீஸ் என்று தரகர் சொன்ன மறுநிமிடமே தாத்தாவின் மீசை மேலே போய்விட்டது. போலீஸ் மாப்பிள்ளை, ராணுவ மாப்பிள்ளை என்றால் நம் பக்கத்தில் இருக்கிற மதிப்பு உங்களுக்குத் தெரியும். போலீஸில் என்ன வேலை என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. போலீஸ் என்றால் திருடன் பிடிப்பது, வேறு என்ன இருக்க முடியும்?

பெண் பார்க்க மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மட்டும் வந்தார்கள். ஆள் நல்ல உயரம், அதிகம் பேசவில்லை. அவர் அம்மா நல்ல கண்டிப்பு. பேச்சில் அங்கங்கே மலையாளம் எட்டிப் பார்க்கும். கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை. சித்தி விழுந்து கும்பிட்டு எழுந்த நேரம் பார்த்து அந்தக் குடை அந்த அம்மா மடியிலேயே தானாகப் படாரென்று விரிந்தது. அந்த அம்மா குடைக்குள் மறைந்துபோனார். நானும் அம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சித்தியைப் பார்த்தோம். சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சத்தம் வரவில்லை.

குடையை மடக்கிக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: "பெண்ணு நல்ல அடக்கம்."

தாத்தா மறுநாளே கூலக்கடை பஜார் முழுக்க "நம்ம மாப்ள போலீஸ்லா" என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, தாத்தா எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் குற்றாலத்துக்குக் கிளம்பினார். என்னையும் கூட்டிப்போனார். அருவிக்கரையில் வரிசையாகக் கல்பெஞ்சு. எண்ணெய் தேய்க்கிற அண்ணாச்சிகள் ஆள்பிடித்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா வேட்டி சட்டையைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, ஒரு சிவப்புக் கோவணத்தோடு பெஞ்சில் கவிழ்ந்து படுத்தார். அண்ணாச்சி அவர் முதுகில் எண்ணெயை ஊற்றித் தட்டிய தட்டு அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. நான் குடைக்குள் உட்கார்ந்து மங்குஸ்தான் உரித்துக்கொண்டிருந்தேன். விரலெல்லாம் ஊதாச் சாயம்.

அப்போது பேண்டு வந்தது. சாரல் விழாவுக்கு வந்த போலீஸ் பேண்டு. வெள்ளை உடுப்பு, சிவப்புக் குஞ்சம், பளபளக்கும் பித்தளை. மேடைக்குப் போகிற வழியில் கூட்டம் வழிவிடாமல் நிற்க, எங்கள் எதிரே வந்து நின்றுவிட்டார்கள். முதல் வரிசையில் மூன்றாவது ஆள் கன்னத்தை உப்பிக்கொண்டு ட்ரம்பெட் ஊதினார்.

"தாத்தா, நம்ம மாப்பிள்ளை!" என்றேன்.

தாத்தா தலையைத் தூக்கிப் பார்த்தார். பாட்டு முடிந்தது. அவர் படாரென்று எழுந்தார். எழுந்தார் என்று சொல்லக் கூடாது, எழப் பார்த்தார். அரைப்படி எண்ணெய் பூசிய உடம்பு பெஞ்சிலிருந்து நழுவி ஈரத்தரையில் பொத்தென்று உட்கார்ந்தது. தட்டுத்தடுமாறி எழுந்து நின்றார். யாராவது பார்த்துவிட்டார்களா என்று இடமும் வலமும் திரும்பிப் பார்த்தார்.

அந்த நொடியில் மூன்றாவது இடத்திலிருந்து ட்ரம்பெட் "ப்வா... ப்வா... ப்வா..." என்றது.

அருவிக்கரையே திரும்பியது. கோவணத்தோடு எண்ணெய் சொட்ட நின்ற தாத்தாவைப் பார்த்து மொத்தக் கூட்டமும் சிரித்தது. பேண்டு மாஸ்டர் மூன்றாவது ஆளை முறைத்தார். மூன்றாவது ஆள் அப்போதுதான் எண்ணெய்க்குள் இருப்பது யார் என்று தெரிந்துகொண்டார். அந்த முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

தாத்தா குளிக்காமலே வேட்டியைச் சுற்றிக்கொண்டார். திரும்பும்போது என்றுமில்லாத அதிசயமாக எனக்குக் கால்கிலோ நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கித் தந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சட்டையெல்லாம் எண்ணெய்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னார்: "இந்தச் சம்பந்தம் வேண்டாம். அவன் திருடன் பிடிக்கிற போலீஸ் இல்ல. பேண்டு போலீஸ். ஊதுதான்."

"ஊதினா என்னப்பா? சர்க்கார் வேலைதானே."

"செத்த வீட்டு முன்னால போறவனும் ஊதத்தான் செய்யுதான். நாளைக்கு பஜார்ல ஒருத்தன் கேப்பான், உம்ம மருமகன் நம்ம வீட்டு விசேசத்துக்கு ஊத வருவாரான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

ஊதுகிறவர்கள், மேளம் கொட்டுகிறவர்கள் என்றால் தாத்தாவுக்கு ஒரு இளப்பம். நல்ல குணம் இல்லை. எங்கள் தெருவில் பல பெரியவர்களுக்கு இருந்த குணம். ஆனால் அன்றைய கோபத்தில் அது பாதிதான். மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சிப்ஸ் தின்றேன்.

"நாளைக்கு வந்துருவாங்களேப்பா. லெட்டர் போட்டாலும் போய்ச் சேராதே."

"வரட்டும். மூஞ்சிக்கு நேராச் சொல்லி அனுப்புதேன்."

வாங்கித் தின்ற சிப்ஸுக்கு நான் விசுவாசமாக இருந்தது பத்து நிமிஷம். அடுக்களைக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த சித்தியிடம் கோவணம் முதல் ப்வா வரை எல்லாவற்றையும் சொன்னேன். நடித்தும் காட்டினேன். சித்தி துணிமூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். வெகுநேரம் குலுங்கினாள். தலையைத் தூக்கியபோது அது அழுகையாக மாறியிருந்தது.

"எனக்கு இவுகதான் வேணும்ட்டி" என்றாள். "அப்பாகிட்ட யாரு சொல்லுவா?"

யாரும் சொல்லவில்லை. அம்மாவே இரண்டு தடவை முன்னறை வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாரலோடு அவர்கள் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை விழாவிலிருந்து நேராக வந்ததால் கையில் ட்ரம்பெட் பெட்டி இருந்தது. அவர் அம்மா அதைக் கதவுக்குப் பின்னால் தள்ளி வைக்கச் சொன்னார். பூவும் பழமும் கொண்டுவந்த தட்டை நடுவில் வைத்தார்கள். சித்தி பட்டுச்சேலையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தாத்தா தொண்டையைச் செருமினார்.

"மதினி, ஒரு விசயம் பேசணும்."

"பறையுங்க அண்ணாச்சி."

தாத்தா வாயைத் திறந்தார். அதே நேரம் வாசல் கதவும் திறந்தது. எதிர்வீட்டு அண்ணாச்சி, அவர் சம்சாரம், பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் தெரு. "என்ன அண்ணாச்சி, மணி ஆறரை ஆச்சுல்லா. இன்னும் பெட்டியத் திறக்கலயா?"

உங்களுக்குத் தெரியும், டிவி பார்க்க வந்தவர்களை அந்தக் காலத்தில் யாரும் திருப்பி அனுப்பியதில்லை. அதுவும் தாத்தா, விருந்தாளிகள் முன்னால், தன் நாற்பது அடி ஆன்டெனா கௌரவத்தை விட்டுக்கொடுப்பாரா? பேச்சை அரை மணி நேரம் தள்ளிவைத்துவிட்டு டிவியைத் திறந்தார்.

படம் கண்ணாடி போல் வந்தது. சத்தம் சுத்தமாக இல்லை.

"எங்க மொட்டமாடியில யாரும் இல்லையா?" என்றார் எதிர்வீட்டு அண்ணாச்சி. "சின்னவ மேல போனால்லா சத்தம் வரும்!"

மாப்பிள்ளையின் அம்மா புருவம் உயர்ந்தது. "பெண்ணு மாடியில ஏறுமா?" அம்மா அவசரமாகப் பலகாரத் தட்டை அவரிடம் நீட்டினாள். பட்டுச்சேலையோடு சித்தியை இந்த மழையில் அனுப்ப முடியாது. எல்லாரும் ஊமைப்படம் பார்த்தோம். தொப்பிக்காரர் கூரையில் ஓடு மாற்றப் போனார். சறுக்கினார். விழுந்தார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சித்தி முதல்முறையாக அந்த மனிதரைப் பார்க்கிறாள். என் காதில் சொன்னாள்: "இவனா? இதுல சிரிக்க என்னட்டி இருக்கு?"

அப்போது மாப்பிள்ளை எழுந்தார். தாத்தாவைப் பார்த்து, "மாமா, வீட்ல ஒரு சிரட்டை கிடைக்குமா? கண்ணு இல்லாத பாதி" என்றார்.

"எடா, இங்கன வேண்டாம்" என்று அவர் அம்மா பல்லைக் கடித்தார். அந்த அம்மாவும் ஊரெல்லாம் "மகன் போலீஸ்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தவர் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதற்குள் எதிர்வீட்டுப் பையன் அடுக்களையிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு வந்துவிட்டான். மாப்பிள்ளை பெட்டியைத் திறந்து ட்ரம்பெட்டை எடுத்தார். டிவிக்குப் பக்கத்தில் நின்று, படத்தைப் பார்த்துக்கொண்டே, அதன் வாயைச் சிரட்டையால் மூடியும் திறந்தும் ஊதினார். சத்தம் மூக்கடைத்த குரலில் பேசத் தொடங்கியது. தொப்பிக்காரர் நடந்தால் அதுவும் நடந்தது. மனைவி திட்டினால் திட்டியது. நாய் ஓடி வந்தபோது ட்ரம்பெட்டே குரைத்தது. தொப்பிக்காரர் இரண்டாம் தடவை கூரையிலிருந்து விழுந்தபோது "ப்வா... ப்வா... ப்வா..." என்று இறங்கியது. தெரு உருண்டு சிரித்தது. எதிர்வீட்டு அண்ணாச்சி என் தலையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். சித்தி வாயில் முந்தானை, கண்ணில் தண்ணீர். தாத்தா மட்டும் கல்லாக உட்கார்ந்திருந்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் கைதட்டல். "இதெல்லாம் போலீஸ்லயா சொல்லித் தாராங்க?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"எங்க பழைய பேண்டு மாஸ்டரு சொல்லித் தந்தது அண்ணாச்சி" என்றார் மாப்பிள்ளை. அதுவரை அவர் இவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை. "அவுக ஆங்கிலோ இந்தியரு. ரயில்வே காலனி டான்ஸுக்கெல்லாம் ஜாஸ் வாசிச்சவக. இந்தப் படத்துல ஊதுறவங்களும் ஜாஸ்காரங்கதான்னு சொல்லுவாக. ஜாஸ் ஊதுறவனுக்குத்தான் காமெடிக்கு ஊத வருமாம். காயிதத்துல எழுதிருக்க இடத்துல ஊதுனா சிரிப்பு வராது. ஒரு நொடி காத்திருக்கணும்."

"எதுக்குக் காக்கணும்?"

"விழும்போது ஊதக் கூடாது அண்ணாச்சி. விழுந்து, எந்திரிச்சு, யாரும் பாத்துட்டாங்களான்னு இங்கயும் அங்கயும் திரும்பிப் பாப்பாம் பாருங்க. அப்பத்தான் ஊதணும்."

தாத்தாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அப்ப நேத்து அருவிக்கரையில நான் விழுந்தப்பவும் அதுக்குத்தான் ஊதுனீரோ?" என்று கேட்டுவிட்டார்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. எனக்குக் கால்கிலோ சிப்ஸ் வாங்கித் தந்து மூடிவைத்த ரகசியத்தைத் தெரு முழுக்க வைத்துக்கொண்டு அவரே போட்டு உடைத்துவிட்டார்.

மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. "மாமா, சத்தியமா நீங்கன்னு தெரியாது. யாரோ விழுந்தாரு, எந்திரிச்சுத் திரும்பிப் பாத்தாரு... வாய் தானா ஊதிட்டு."

எதிர்வீட்டு அண்ணாச்சி உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டார். தாத்தா மெதுவாக இடமும் வலமும் திரும்பி எல்லார் முகத்தையும் பார்த்தார்.

சித்தி வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். சிரித்தாள்.

குறட்டையில் தொடங்கி, ஏறி, உச்சியில் நின்று, மறுபடி முதலிலிருந்து. அதுவரை மொட்டைமாடிக்கு மட்டும் தெரிந்த சிரிப்பு முழுசாக முன்னறையில் விழுந்தது. அவளைத் தொடர்ந்து தெருவும் சிரித்தது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றார். குடையை எடுத்தார். "அடக்கமான பிள்ளைன்னுல்லா நினைச்சேன். பெண்ணு இப்படியா சிரிக்கும்? நாங்க ஆலோசிச்சுச் சொல்லுதோம்."

இதே முடிவைத்தான் தாத்தா சொல்ல இருந்தார். நேற்றிலிருந்து சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். சந்தோஷமாகத் தலையாட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் இன்னொருத்தர் வந்து தன் வீட்டில் நின்று, தன் மகளை வேண்டாம் என்று சொல்வதா?

"என்ன ஆலோசிக்கப் போறிய மதினி?" தாத்தாவும் எழுந்துவிட்டார். "என் மக சிரிச்சா. களவா எடுத்தா? அவ அப்பன் விழுந்ததுக்குத்தான சிரிக்கா, உங்க வீட்டு ஆளு விழுந்ததுக்கா சிரிச்சா?"

"அதுக்கு இப்படியா..."

"உங்க மகன் ஊதுதாருங்கத நீங்க சொன்னியளா? போலீஸ்னு மட்டும்தான சொன்னிய. நாங்க ஏதாவது கேட்டமா? இவ்வளவு நல்லா ஊதுற பிள்ளைய எதுக்கு மறைக்கணும்?"

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. அம்மா என் தொடையைக் கிள்ளினாள், வாயைத் திறக்காதே என்று.

அந்த அம்மா மகனைப் பார்த்தார். "வாடா, போகலாம்."

மாப்பிள்ளை சிரட்டையைக் கீழே வைத்தார். ட்ரம்பெட்டைத் துணியால் துடைத்தார். "அம்மா, எத்தனை வருசமா ஊதுதேன்" என்றார். குரல் உயரவில்லை. "நீ ஒரு நாள் உக்காந்து கேட்டதில்ல. பெட்டியக் கதவுக்குப் பின்னால வைக்கச் சொல்லுவ. எனக்கு இந்த வீடு போதும்மா."

அந்த அம்மா கதவுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். குடை விரிந்துவிடாமல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் அம்மா வெற்றிலைத் தட்டை நடுவில் நகர்த்திவிட்டாள். ஆவணியில் கல்யாணம். போலீஸ் பேண்டு மொத்தமும் வந்து வாசலில் ஊதியது. தாத்தா பஜாரில் போய்ச் சொன்னார்: "ஊதுறவன்னு சாதாரணமா நினைக்காதிய, ஜாஸ் தெரியும்!" ஜாஸ் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு, அது காத்திருந்து ஊதுவது என்று விளக்கமும் சொன்னார்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் எல்லாக் கல்யாணத்திலும் சொல்லுவோம். "அடக்க முடியாமச் சிரிச்சு, போக இருந்த மாப்பிள்ளையப் பிடிச்சுப் போட்டவ" என்று சித்தியைக் கேலி செய்வோம். இத்தனை வருஷமும் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் இந்த வாட்ஸ்அப் செய்தியைக் காட்டலாம் என்று குத்துக்கல்வலசையில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தப்பாவுக்கு முன்பல் போய்விட்டதால் ட்ரம்பெட் ஊத முடியாது. டிவியில் யார் விழுந்தாலும் வாயாலேயே ஊதுகிறார். அவர் பால் வாங்கப் போன நேரத்தில் சித்தியிடம் பழங்கதையை எடுத்தேன். சொல்லிக்கொண்டே வந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அருவிக்கரைக் கதையை நான் முதல்நாளே அவளிடம் சொல்லிவிட்டேனே? துணிமூட்டைக்குள் அவள் சிரித்துத் தீர்த்துவிட்டாளே?

"அப்ப அன்னைக்கு அது உனக்குப் புதுசு இல்லையே சித்தி. எப்படி அடக்க முடியாமப் போச்சு?"

சித்தி பாசிப்பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அடக்க முடியாம யாரு சிரிச்சா? குடைக்குள்ள அத்தை காணாமப் போனப்பவே அடக்குனவ நான். அன்னைக்கும் அடக்கிருப்பேன்" என்றாள். "அடக்கிக் கல்யாணத்த முடிச்சுட்டா, அப்புறம் ஆயுசுக்கும் அடக்கிட்டே இருக்கணும்ட்டி. வேண்டாங்கதா இருந்தா இப்பவே வேண்டாங்கட்டும்னு நினைச்சேன்."

"போயிருந்தா? மூணாவது மாப்பிள்ளை. உனக்குப் பயமா இல்லையா?"

"செத்துட்டேன். ஆனா சிரிப்ப நிறுத்தல. அப்பா முகத்தப் பாக்கல, அத்தை முகத்தப் பாக்கல. அவுகளத்தான் பாத்தேன்."

"சித்தப்பாவும் சிரிச்சாங்களா?"

"இல்ல" என்றாள் சித்தி. "ஊருபூரா சிரிக்கி. அவுக மட்டும் சிரிக்கல. தலைய இப்படிச் சாச்சுக்கிட்டு, கடைசி வரைக்கும் கேட்டுட்டு இருந்தாக."